திருகோணமலையில் வைன் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைன் சேர்ப்பது பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. உவர்மலையிலோ உப்புவெளியிலோ இருப்பவருக்கு அவற்றில் பாதி உதவாது. சில அறிவுரைகள் போத்தலையே கெடுத்துவிடும். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: திருகோணமலை வீட்டுக்கு வந்துவிட்ட வைன் குடிப்பதற்கானது. இலாபத்துக்காக வாங்கும் வைன் இந்த வெயிலைக் காணவே கூடாது.

நல்ல வைன் வாங்கி வீட்டில் வைத்து, பத்து வருடம் கழித்து விற்றால் இலாபம் வருமா?

வராது. முதல் தடை சட்டம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமப்பத்திரம் இல்லாமல் எவரும் மதுபானம் விற்க முடியாது. தெரிந்தவருக்கு ஒரேயொரு போத்தலைக் காசுக்குக் கொடுத்தாலும் அது விற்பனைதான்.

அடுத்த தடை சந்தை. விலையுயர்ந்த வைனை வாங்குகிறவர் முதலில் கேட்பது, "இது இவ்வளவு காலமும் எங்கே இருந்தது?" என்பதைத்தான். தயாரிப்பாளரின் நிலவறையிலிருந்து நேராக இங்கிலாந்தின் பண்டகசாலைக்குப் போய், திறக்காத மரப்பெட்டியில் அங்கேயே கிடந்த வைனுக்கு முழு விலை கிடைக்கும். வெப்பநாட்டு வீடொன்றில் இருந்த போத்தல் எவ்வளவு பெரிய பெயர் கொண்டதானாலும், அதைத் தொடவே பலர் தயங்குவார்கள். அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

வெப்பம் அப்படி என்னதான் செய்கிறது?

சாதாரண 750 மில்லிலீற்றர் போத்தலில் தக்கைக்கும் வைனுக்கும் இடையில் ஏறத்தாழ ஒன்றரை சென்ரிமீற்றர் வெற்றிடம் இருக்கும். வைன் 20 பாகையிலிருந்து 35 பாகைக்குச் சூடாகும்போது 3 முதல் 4 மில்லிலீற்றர் வரை விரிகிறது. கழுத்தின் உள்விட்டம் 18, 19 மில்லிமீற்றர்தான் என்பதால், அந்தச் சிறு விரிவே மட்டத்தை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் உயர்த்திவிடும். இடையில் அகப்பட்ட காற்று நெருக்குண்டு தக்கையைத் தள்ளும். தக்கையின் ஓரத்தால் வைன் கசியும். இரவில் குளிர்ந்ததும் வைன் சுருங்கி, கசிந்த அதே வழியால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கச்சான் வீசும் மாதங்களில் இது நாள்தோறும் நடக்கும். சில மாதங்களில் மட்டம் இறங்கி, நிறம் மங்கி, பழ வாசம் போய், காய்ச்சிய ஜாம் மணமும் வாடிய ஆப்பிள் மணமும் மட்டும் மிஞ்சும்.

கசியாத போத்தலும் தப்பாது. சூடு கூடும்போது வைனுக்குள் நடக்கும் இரசாயன மாற்றங்கள் எல்லாம் வேகமெடுக்கின்றன. அதுவும் ஒரே அளவில் அல்ல. பத்து வருடத்தில் வரவேண்டிய முதிர்ச்சி ஒரு வருடத்தில் வருவதில்லை. அதற்குப் பதிலாக வேறொரு, மட்டமான சுவை வருகிறது.

நடைமுறைக் கணக்கு இது: 12 முதல் 14 பாகையில் வைன் அதன் முழு ஆயுளுக்கும் இருக்கும். 18 பாகையில் சில வருடங்கள் தாங்கும். 25 பாகையில் மாதங்கள். 30க்கு மேல் வாரங்கள்தான்.

நிலத்துக்குக் கீழே அறை கட்டலாமா? கிணற்றுக்குள் இறக்கி வைக்கலாமா?

இரண்டும் பயனில்லை. நிலத்தின் ஆழத்தில் உள்ள வெப்பநிலை, அந்த ஊரின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். பிரான்ஸின் பொர்தோவில் அது 13, 14 பாகை. அதனால்தான் அங்கே நிலவறை தோண்டினாலே போதுமாக இருக்கிறது. திருகோணமலையின் சராசரி ஏறக்குறைய 28 பாகை. எவ்வளவு ஆழம் தோண்டினாலும் கிடைப்பது அதுதான். கிணற்றுத் தண்ணீரும் அதே கதை. நிலாவெளி, உப்புவெளி மணலில் நீர்மட்டம் மேலே இருப்பதால் மாரியில் அறைக்குள் தண்ணீர் ஊறும் என்பது தனித் தொல்லை.

இலங்கையில் இயற்கையாகவே வைனுக்குப் பொருத்தமான இடம் ஒன்று இருக்கிறது: நுவரெலியா. 1,868 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி 16 பாகை அளவில். அங்கே நம்பிக்கையான சொந்தக்காரர் இருந்தால், வெயில் படாத உள்ளறையில், கீழ்த்தட்டு அலுமாரியில் வைக்கச் சொல்லுங்கள். எந்த இயந்திரமும் இல்லாமல் பல வருடம் வைத்திருக்கக்கூடிய ஒரே உள்ளூர் வழி இதுதான்.

வீட்டு பிரிட்ஜ் போதாதா? ஏசி அறை?

ஓரிரு மாதத்துக்கு பிரிட்ஜ் நல்லது. அலுமாரியில் 32 பாகையில் கிடப்பதைவிட 4 பாகையில் கிடப்பது ஆயிரம் மடங்கு மேல். நீண்ட காலத்துக்கு அது சரிவராது. உள்ளே காற்று மிக உலர்ந்தது என்பதால் தக்கை சுருங்கும். கருவாட்டு வாசமும் பெருங்காய வாசமும் மெல்ல உள்ளே போகும்.

ஏசி அறை ஏமாற்றும். இரவில் 24 பாகை, காலையில் அணைத்த பிறகு பின்னேரத்துக்குள் 32. இந்த ஏற்ற இறக்கம்தான் தக்கையை அசைப்பது. இருபத்துநாலு மணித்தியாலமும் ஏசி ஓடும் அறையென்றால் ஒரு வருடம் வரை வைக்கலாம். ஆனால் அந்த மின்கட்டணத்தில் வைன் கூலரே வாங்கலாம்.

எப்படிப்பட்ட வைன் கூலர் வாங்க வேண்டும்?

இதில்தான் அதிகம் பேர் காசைத் தொலைக்கிறார்கள், ஆகவே விரிவாகச் சொல்கிறோம்.

கொம்பிரசர் உள்ளதை மட்டும் வாங்குங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிறிய கூலர்கள் பல கொம்பிரசர் இல்லாத மின்வெப்ப வகை. சத்தமில்லை, அதிர்வில்லை என்று விளம்பரம் செய்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அவை வெளிச்சூட்டிலிருந்து பெரும்பாலும் 12 முதல் 15 பாகைதான் குறைக்கும். வெளியே 34 என்றால் உள்ளே 19 முதல் 22. இரவும் பகலும் ஓடியும் இலக்கை எட்டாமல் விசிறி விரைவில் பழுதாகலாம்.

பிறகு, பின்புறத்திலோ கதவின் உள்ளோரத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். எந்தக் காலநிலைக்குச் செய்த இயந்திரம் என்பதை அதில் ஆங்கில எழுத்தால் குறித்திருப்பார்கள். 'என்' என்றால் 32 பாகை வரைக்கும்தான். 'எஸ்ரி' 38 வரை. 'ரி' 43 வரை. திருகோணமலையில் வைகாசி முதல் ஆவணி வரை பகல் வெப்பம் 34, 35ஐத் தொடுவதால் 'என்' வகை வேண்டாம். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்பார். ஒன்றல்ல.

கொள்ளளவை நம்பாதீர்கள். 40 போத்தல் என்று எழுதியிருந்தால், அது ஏழரை சென்ரிமீற்றர் விட்டமுள்ள நேர்த்தோள் பொர்தோப் போத்தல்களை வைத்து எண்ணியது. பிரான்ஸின் இன்னொரு வைன் பகுதியான பர்கண்டியின் போத்தலும் ஷாம்பெய்ன் போத்தலும் அதைவிட அகலம். கலந்து வைத்தால் 30தான் போகும். தொடங்குகிறவர் 40 எழுதியதை வாங்குவது அளவானது.

இரட்டை வெப்பநிலைப் பகுதி தேவையில்லை. சேமிக்க வெள்ளைக்கும் சிவப்புக்கும் ஒரே 13 பாகைதான். கண்ணாடிக் கதவு இரட்டைக் கண்ணாடியாக இருக்கட்டும். உல்லாச விடுதி மூடும்போது வரும் பழைய கூலரை வாங்குவதானால் இரண்டு இடம் பாருங்கள்: கதவு றப்பர் வெடித்திருக்கிறதா, பின்புறக் குழாய்களில் துரு பொரிந்திருக்கிறதா. குழாயில் துரு இருந்தால் விலை எதுவானாலும் விட்டுவிடுங்கள். வாயு கசியப் போகிறது.

வாங்கியாயிற்று. எங்கே, எப்படி வைப்பது?

மேற்குச் சுவர் வேண்டாம், பின்னேர வெயிலில் அது அடுப்பாகிவிடும். விறாந்தை வேண்டாம், குசினி வேண்டாம். வீட்டின் நடுவில் உள்ள உட்சுவரோரம், பின்புறம் 10 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, நிலமட்டம் பார்த்து வையுங்கள்.

லொறியில் சரித்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி 24 மணித்தியாலம் விட்ட பிறகே சுவிட்சைப் போடலாம். கொம்பிரசர் எண்ணெய் திரும்ப இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். அடுத்த நாள் முழுதும் வெறுமையாக 13 பாகையில் ஓடவிடுங்கள்.

முகப்பில் தெரியும் இலக்கம் காற்றின் வெப்பநிலை, வைனுடையதல்ல. வெறும் வைன் போத்தலொன்றில் தண்ணீர் நிரப்பி, கம்பிமுனை வெப்பமானியை அதற்குள் விட்டு, நடுத்தட்டில் வையுங்கள். ஒரு நாள் கழித்து அது காட்டுவதுதான் உண்மை. முகப்பில் 12 காட்டும்போது போத்தலுக்குள் 15 இருப்பது புதுமையல்ல. அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டு இலக்கத்தைக் குறைத்து வைக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தல் நிரந்தரமாக அங்கேயே இருக்கட்டும்.

கதவுக்கும் றப்பருக்கும் இடையில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தால் சூடு போகிறது. நான்கு மூலைகளிலும் இப்படிப் பாருங்கள். பிறகு போத்தல்களை நாளொன்றுக்குப் பத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். சூடான 40 போத்தலை ஒரே நாளில் அடுக்கினால் கொம்பிரசர் ஓயாமல் ஓடி, முதலில் வைத்தவற்றையும் சூடாக்கிவிடும்.

கரண்ட் போனால்?

கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த கூலரில் போத்தல்களே குளிரைப் பிடித்துவைத்திருக்கும். மணித்தியாலத்துக்கு அரைப் பாகை முதல் ஒரு பாகை வரைதான் ஏறும். நாலு மணித்தியால வெட்டு ஒரு பொருட்டல்ல. பாதி வெறுமையான கூலர் வேகமாகச் சூடாகும் என்பதால், வெறும் இடங்களில் தண்ணீர் நிரப்பிய போத்தல்களை அடுக்குங்கள். 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். அப்படியொரு காலம் மீண்டும் வந்தால், உறைந்த தண்ணீர்ப் போத்தல் இரண்டைத் துவாயில் சுற்றி அடித்தட்டில் வைப்பது உதவும்.

வெட்டைவிடக் கூடிய ஆபத்து கரண்ட் திரும்ப வரும் நிமிடம். மின்னழுத்தம் கூடியும் குறைந்தும் வரும். அப்போதே கொம்பிரசர் ஓடத் தொடங்கினால் எரிந்துபோகலாம். 3 முதல் 5 நிமிடம் தாமதித்து மின்சாரம் விடும் வசதியுள்ள வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர் கட்டாயம் வேண்டும். இன்வேர்ட்டர் வைப்பதானால், கொம்பிரசர் தொடங்கும் நொடியில் வழமையைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதைச் சொல்லியே வாங்குங்கள்.

கடற்காற்றும் வாடையும் என்ன பாடுபடுத்தும்?

உப்பு பின்புறக் குழாய்களைத் தின்னும். கடற்கரையோரம் இருப்பவர்கள் மாதமொருமுறை கரண்டைக் கழற்றி, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியையும் உப்பையும் தட்ட வேண்டும். ஈரத்துணி வேண்டாம்.

வாடை மாதங்களில் சிக்கல் வேறு. வெளியே ஈரப்பதம் நிறைந்திருக்கும்போது கதவைத் திறந்தால் போத்தல்கள் வேர்க்கும், லேபிள் ஊறிப் பூசணம் பிடிக்கும். லேபிளைச் சுற்றி உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். உள்ளே ஈரப்பதம் 60 முதல் 70% இருப்பது நல்லது. 50க்குக் கீழே போனால் ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் போதும்.

படுக்கவைப்பதா, நிறுத்திவைப்பதா?

தக்கைப் போத்தல் படுக்க வேண்டும், தக்கை நனைந்திருக்க. திருகுமூடி எப்படியும் இருக்கலாம். மடெய்ராவும் (கீழே விளக்கியுள்ள வைன்) விஸ்கியும் சாராயமும் நிற்க வேண்டும்.

எந்த வைன் வைத்திருக்கத் தகுந்தது?

கடையில் கிடைக்கும் பெரும்பாலானவை வாங்கிய ஓரிரு வருடத்துக்குள் குடிக்கவே செய்யப்பட்டவை. அவற்றை வைத்திருந்தால் பழசாகும், மேலாகாது. முதிர்ந்து மேலாக வேண்டுமானால் புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு இவற்றில் ஒன்றாவது உரமாக இருக்க வேண்டும். பழச்சாறும் செறிவாக இருக்க வேண்டும்.

பொர்தோவின் நல்ல தோட்டங்கள் (2005, 2009, 2010, 2016 போன்ற அறுவடை ஆண்டுகள்), இத்தாலியின் பரோலோ, ஸ்பெயினின் ரியோகா கிரான் ரிசெர்வா, ஜெர்மனியின் இனிப்பு ரீஸ்லிங், பிரான்ஸின் இனிப்பு வெள்ளையான சொத்தேர்ன், போர்த்துக்கலின் அறுவடை ஆண்டு குறித்த போர்ட் ஆகியவை நம்பகமானவை. தொடங்குகிறவருக்கு எங்கள் தெரிவு ரியோகா கிரான் ரிசெர்வா. குறைந்தது 5 வருடம், அதில் 2 வருடம் மரப்பீப்பாயில் என்று தயாரிப்பாளரே முதிரவைத்துத்தான் வெளியே விடுகிறார். விலையும் பொர்தோ அளவுக்கு ஏறவில்லை. உங்கள் கூலரில் அது இன்னும் ஐந்து வருடம் நன்றாகவே போகும்.

ஒவ்வொன்றிலும் மூன்று போத்தல் வாங்குங்கள். ஒன்றை இப்போதே திறந்து குறிப்பெழுதுங்கள், இரண்டாவதை மூன்று வருடத்தில், அது சொல்வதைப் பொறுத்து மூன்றாவதை. ஒவ்வொரு போத்தலாக இருபது வகை சேர்த்தவருக்கு எதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிவதில்லை. கொப்பியில் வாங்கிய திகதி, கடை, விலை, எந்தத் தட்டு, எப்போது திறக்கலாம் என்பவற்றைக் குறியுங்கள். செலர்ட்ராக்கர் செயலியும் இதற்கு நல்லது.

கூலர் வாங்க வசதியில்லை. அப்படியானால் இந்தப் பொழுதுபோக்கே வேண்டாமா?

வேண்டும், மடெய்ராவிலிருந்து தொடங்குங்கள். எங்கள் ஊருக்கென்றே செய்தது போன்ற வைன் அது.

மடெய்ரா அத்திலாந்திக்கில் உள்ள போர்த்துக்கேயத் தீவு. அங்கிருந்து கப்பலேறிய வைன், வெப்பவலயக் கடலைக் கடந்து பீப்பாய்க்குள் மாதக்கணக்கில் வெந்த பிறகு, கெடுவதற்குப் பதிலாக மேலாகியிருப்பதைக் கண்டார்கள். இன்று அதைத் திட்டமிட்டே செய்கிறார்கள். மலிவான வகையைத் தொட்டியில் 45 முதல் 50 பாகையில் குறைந்தது மூன்று மாதம் சூடாக்குவார்கள். உயர்ந்த வகையைப் பீப்பாயில், கூரையடியின் சூட்டில், வருடக்கணக்கில் விடுவார்கள். மதுசாரமும் சேர்க்கப்படுவதால் 19% அளவில் இருக்கும். சூடும் காற்றும் செய்யக்கூடியதையெல்லாம் ஏற்கெனவே செய்து முடித்த பிறகே போத்தலுக்கு வருவதால், உங்கள் வீட்டு 30 பாகை அதற்குப் புதிதல்ல.

இருட்டான அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள். திறந்த பிறகும் மாதக்கணக்கில் கெடாது. உலர்ந்ததிலிருந்து இனிப்புக்குப் போகும் வரிசை: செர்சியால், வெர்டெல்யோ, புவால், மால்வசியா. 'கொல்யெய்ட்டா' என்றால் ஒரே ஆண்டு அறுவடை, குறைந்தது 5 வருடம் பீப்பாயில். 'ஃப்ராஸ்கெய்ரா' என்றால் குறைந்தது 20 வருடம். லண்டனிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் எதையாவது கேட்பதானால் இதைக் கேளுங்கள்.

விஸ்கி, பழைய சாராயம் சேர்த்தால்?

வெப்பத்தை வைனைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் போத்தலுக்குள் முதிராது. 12 வருட விஸ்கி இருபது வருடம் அலுமாரியில் இருந்தாலும் 12 வருட விஸ்கிதான். நிறுத்தியே வையுங்கள். கூடிய மதுசாரம் தக்கையை அரித்துவிடும்.

கொழும்பில் வாங்கியதை எப்படிக் கொண்டுவருவது?

இரவில். பகலில் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கிக்குள் சூடு 50 பாகை வரை ஏறலாம்; ஹபரணையில் சாப்பிட இறங்கிய ஒரு மணித்தியாலமே போதும் கெடுக்க. இரவு ரயில் நல்ல தெரிவு. புதிய றெஜிபோம் பெட்டி வாங்குங்கள், மீன் வைத்த பெட்டி வேண்டாம். போத்தல்களைப் பத்திரிகைத் தாளில் சுற்றி அடுக்கி, துணியில் சுற்றிய ஐஸ் பொதி ஒன்றை மேலே வைத்து, விளிம்பை ஒட்டுநாடாவால் மூடுங்கள். வாங்கும் கடையிலும் கவனம் வேண்டும்: வாசலோரக் கண்ணாடி அலுமாரியில் விளக்கொளியில் நிற்கும் போத்தலை எடுக்காதீர்கள், உள்ளே ஏசியில் இருக்கும் பெட்டியிலிருந்து கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் விமான நிலையத்துக்கு வெளியே வாங்கியதைக் கையிற் கொண்டுவர முடியாது; பயணப்பொதிக்குள்தான். தீர்வையின்றிக் கொண்டுவரும் அளவு வர்த்தமானி அறிவித்தல்களால் மாறுவதால், பறக்கும் வாரத்தில் சுங்கத்தின் அறிவித்தலைப் பார்க்கச் சொல்லுங்கள். தபாலில் அனுப்பச் சொல்லாதீர்கள். வரி ஒருபுறம், களஞ்சியச் சூடு மறுபுறம்.

வீட்டில் நிறைய வைத்திருப்பது குற்றமா? உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துகிறேன், காட்சிக்கு வைக்கலாமா?

சொந்தப் பாவனைக்கு வாங்கியது, விற்பனைக்கல்ல என்பதைக் காட்ட முடிய வேண்டும். அதனால் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும், விமான நிலைய வரியற்ற கடையின் சீட்டு உட்பட, ஒரு கோப்பில் வையுங்கள். உரிமப்பத்திரமில்லாத விடுதியில் விருந்தினர் நடமாடும் இடத்தில் சேகரிப்பை வைப்பது வீண் சந்தேகத்தைத் தேடுவது. உங்கள் சொந்த அறைக்குள் பூட்டி வையுங்கள். பணம் வாங்காமல் அறைவாடகையோடு சேர்த்துப் பரிமாறினாலும் அது விற்பனையாகக் கொள்ளப்படலாம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மதுபானம் விற்பதையும் மதுபான விளம்பரத்தையும் தடுக்கிறது. விடுதியின் முகநூல் பக்கத்தில் போத்தல் படங்களைப் போடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

அப்படியானால் உண்மையான வைன் முதலீடு எப்படி நடக்கிறது?

போத்தலைக் காணாமலே நடக்கிறது. இங்கிலாந்தில் வரி செலுத்தாத நிலையில் வைனை வைத்திருக்கும் பண்டகசாலைகள் உள்ளன. வெளியே எடுக்கும்வரை தீர்வையும் பெறுமதிசேர் வரியும் இல்லை. கோர்ஷம் என்ற ஊரில் பழைய கற்சுரங்கமொன்றே இப்படியொரு பண்டகசாலையாக இருக்கிறது. வாங்குவதும் விற்பதும் காகிதத்தில், பெட்டி அசையாது. பொர்தோவின் 1855ஆம் ஆண்டுத் தரப்படுத்தலில் முதல்நிலை பெற்ற நான்கு தோட்டங்கள், 1973இல் அவற்றோடு சேர்ந்த 'மூத்தோன்' என்ற தோட்டம், பர்கண்டியின் சில பெயர்கள், ஷாம்பெய்ன், பரோலோ என்று சந்தை மிகக் குறுகியது.

கணக்கைப் பாருங்கள். 1,000 பவுணுக்கு ஒரு பெட்டி வாங்குகிறீர்கள். களஞ்சிய வாடகையும் காப்புறுதியும் வருடம் 12 பவுண் என்று வைத்தால் எட்டு வருடத்தில் 96. விற்கும்போது 10% தரகு. கையில் போட்ட 1,096 பவுண் திரும்ப வரவே பெட்டி 1,218 பவுணுக்கு விற்க வேண்டும். அதாவது விலை 22% ஏறிய பிறகுதான் முதல் சதம் இலாபம். ஏலத்தில் விற்றால் வாங்குபவரிடமும் 20%க்கு மேல் அறவிடுவார்கள். அதுவும் உங்கள் விலையைத்தான் குறைக்கும். விலை ஏறிக்கொண்டேயிருக்கும் என்பதும் இல்லை. லண்டன் லிவ்-எக்ஸ் சந்தையின் சுட்டெண் 2011க்குப் பிறகு சில வருடம் இறங்கியது. 2022 இறுதியிலிருந்து மறுபடியும் இறங்கியது. வட்டியும் பங்கிலாபமும் தராத பொருளில், பத்து வருடம் தொடத் தேவையில்லாத காசை மட்டும் போடலாம்.

வைன் போத்தலில் அடைக்கும் முன்னரே, அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில் விற்கும் முறையை 'ஆன் ப்ரிமேர்' என்பார்கள். தொடங்குகிறவருக்கு வேண்டாம். அண்மைய சில ஆண்டுகளின் பொர்தோ வைன்கள் பல, முன்விற்பனை விலையைவிடக் குறைவாகப் பிறகு கிடைத்தன.

இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டில் சொத்து வாங்குவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டது. காசு அனுப்பும் முன் வங்கியின் வெளிநாட்டுக் கொடுக்கல்வாங்கல் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். "தம்பியின் பெயரில் லண்டனில் வாங்கி வைப்போம்" என்பதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். சட்டத்தின் முன் அது தம்பியின் சொத்து. மனஸ்தாபம் வந்தாலோ ஒருவர் காலமானாலோ உங்கள் கையில் ஒன்றும் இராது.

போலியும் மோசடியும்?

இரண்டும் தாராளமாக உண்டு. ரூடி குர்னியாவன் என்பவர் மலிவான வைன்களைக் கலந்து பழம்பெரும் லேபிள் ஒட்டி அமெரிக்காவில் விற்றார். 2008இல் நியூயோர்க் ஏலமொன்றில், பர்கண்டியின் பொன்சோ தோட்டத்தில் செய்த 'க்ளோ சாந்தெனி' என்று சொல்லி அவருடைய போத்தல்கள் வந்தன. அவற்றில் 1945 போன்ற ஆண்டுகள் இருந்தன. அந்தத் தோட்டத்தாரோ அந்த வைனை 1980களில்தான் செய்யத் தொடங்கினார்கள். அந்தத் தோட்டத்தின் லோரோன் பொன்சோ நேரில் போய் விற்பனையை நிறுத்தினார். 2014இல் குர்னியாவனுக்குப் பத்து வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது.

உங்களுக்கு வரக்கூடிய மோசடி இதைவிடச் சாதாரணமானது: தொலைபேசியில் அழைத்து, இல்லாத பெட்டியை விற்பார்கள். வாங்கியதும் விற்றவரின் கடிதத்தோடு நிற்காதீர்கள். உங்கள் பெயரில், பெட்டிக்கான இலக்கத்தோடு, பண்டகசாலையே நேரடியாகத் தரும் உறுதிப்படுத்தலைக் கேளுங்கள். பண்டகசாலையின் தொலைபேசி இலக்கத்தையும் விற்றவரிடம் வாங்காமல் நீங்களே தேடி எடுங்கள்.

அன்பளிப்பாக வந்த பழைய போத்தல் கெட்டதா என்று திறக்காமல் தெரியுமா?

ஓரளவு தெரியும். நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மட்டம் கழுத்துக்குள் இருந்தால் நல்லது. பத்து வயதுக்குட்பட்ட வைனில் மட்டம் தோளுக்கு இறங்கியிருந்தால் கசிந்திருக்கிறது. மேலுறையை விரலால் சுழற்றிப் பாருங்கள்: சுழன்றால் பெரும்பாலும் நல்லது, ஒட்டிப் பிடித்தால் அடியில் வைன் காய்ந்து பசையாகியிருக்கலாம். தக்கை விளிம்புக்கு மேல் புடைத்திருந்தால் பெரும்பாலும் சூடு பட்டிருக்கிறது. இனிப்பில்லாத வெள்ளை வைன் தேயிலைச் சாய நிறத்துக்கு வந்திருந்தால் சமையலுக்கும் உதவாது.

நல்ல போத்தலைத் திறக்கும் நாளில்?

முதல் நாளே கூலருக்குள் நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் தங்கட்டும். பழைய தக்கை சாதாரண திருகில் பொடியாகும். இரட்டைத் தகட்டுத் திறப்பானைத் தக்கையின் இரு பக்கமும் மெல்ல ஆட்டி இறக்கி, சுழற்றி எடுங்கள். கழுத்துக்குப் பின்னால் ஒரு டோர்ச் வெளிச்சம் வைத்து, ஒரே ஓட்டமாகக் கண்ணாடிக் குடுவைக்கு ஊற்றி, மண்டி கழுத்தை எட்டும்போது நிறுத்துங்கள்.

"சிவப்பு வைன் அறை வெப்பநிலையில்" என்று சொன்னவர்களின் அறை 17 பாகை. இங்கே 30. கூலரிலிருந்து எடுத்ததை உடனே ஊற்றுங்கள். கிண்ணத்தில் பத்து நிமிடத்தில் தானாகவே 17க்கு வந்துவிடும். அலுமாரியில் இருந்த சாதாரண சிவப்பு என்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் 10 முதல் 15 நிமிடம். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், குடித்து முடிக்கும் முன்னரே சூடாகிவிடும். மிஞ்சியதைச் சிறிய போத்தலில் விளிம்புவரை நிரப்பி மூடி பிரிட்ஜில் வைத்தால் இரண்டு, மூன்று நாள் இருக்கும். மிகப் பழையதென்றால் அன்றிரவே முடித்துவிட வேண்டும்.